எட்கர் தர்ஸ்டன்

எட்கர் தர்ஸ்டன் (1855 – அக்டோபர் 12, 1935) சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய ஆங்கிலேயர். தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும் என்ற பொருளுடைய தலைப்பில் ஆங்கிலத்தில் 1909 ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளாக வெளிவந்த நூல் இவரது முதன்மையான படைப்பு ஆகும். பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் அமைந்துள்ள பச்சைமலையிலும், சேர்வராயன், கொல்லி, கல்வராயன் ஆகிய மலைகளிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக் கதைகளையும் சடங்குகளையும் வெளியுலகம் பரவலாக அறிந்தது இந்நூலின் வழியாகவே.

இங்கு மலையாளி என்பது கேரளத்து மக்களைக் குறிப்பதன்று. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளிலேயே இப்பெயர் வழங்குகிறது. இவர்களது தாய்மொழி தமிழ். ஓணமும் விசுவும் இவர்களுடைய விழாக்கள் அல்ல. பெயர் ஒற்றுமையால் நேரும் இக்குழப்பம் இன்றும் நீடிக்கிறது.

இளமையும் சென்னை வருகையும்

ஈட்டன் பள்ளியிலும் இலண்டன் கிங்சு கல்லூரியிலும் கல்வி பயின்ற தர்ஸ்டன், மருத்துவராகத் தகுதி பெற்றார். இங்கிலாந்தில் ஒரு மனநலக் காப்பகத்தில் மருத்துவ அலுவலராகவும், பின்னர் தாம் பயின்ற கல்லூரியின் அருங்காட்சியகக் காப்பாளராகவும் சில காலம் பணிபுரிந்தார். 1885 ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, எழும்பூரில் உள்ள அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றார். தொடக்கத்தில் இவரது ஆர்வம் மனிதர்கள்மீது இருக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் கடல்வாழ் உயிரினங்கள், முத்துக் குளிப்பு, சங்குக் குளிப்பு, பழைய நாணயங்கள் ஆகியவை பற்றியே எழுதி வந்தார்.

மனித அளவைகள்

1894 ஆம் ஆண்டளவில் நீலகிரி மலைவாழ் மக்களைக் கொண்டு தமது மானிடவியல் ஆய்வுகளைத் தர்ஸ்டன் தொடங்கினார். உயரம், தலையின் நீள அகலம், மூக்கின் நீள அகலம் ஆகியவற்றைக் கருவிகளால் அளந்து, அவ்வெண்களைக் கொண்டு மக்களை இனங்களாகப் பகுக்கலாம் என்பது அக்காலத்து நம்பிக்கை. ஹெர்பர்ட் ரிஸ்லி போன்ற ஆங்கிலேய அதிகாரிகள் இதனை அறிவியலாகவே கருதினர். இக்கொள்கை பின்னர் முற்றிலும் கைவிடப்பட்டது. தர்ஸ்டன் தொகுத்த மூக்கு அளவுப் பட்டியல்களுக்கு இன்று அறிவியல் மதிப்பு எதுவும் இல்லை. 1901 ஆம் ஆண்டு இந்திய அரசு இனவரைவியல் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது, சென்னை மாகாணத்திற்கான பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்பணியில் இவருக்கு உறுதுணையாக இருந்தவர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கே. ரங்காச்சாரி. 1909 நூலின் முகப்பில் இவர் பெயரும் இடம்பெற்றுள்ளது.

அளவெடுக்கச் சென்ற இடங்களில் மக்கள் அஞ்சி ஓடியதைத் தர்ஸ்டனே தம் நூலில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார். வயநாட்டுப் பணியர் பெண்கள், தம்முள் சிறந்தவர்களைப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என்று எண்ணி ஓடிவிட்டனர். நீலகிரியில் இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கருவியைத் தூக்குமரம் என்று கருதி மறுத்துவிட்டார். இவற்றை நகைச்சுவையாகவே தர்ஸ்டன் எழுதினார். ஆயினும் ஏற்காட்டை உள்ளடக்கிய சேர்வராயன் மலையில் இவருக்கு நேர்ந்ததை அவ்வாறு எளிதில் கடந்துவிட இயலாது.

சேர்வராயன் மலையில்

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையின் மலையாளிகள், தர்ஸ்டனை நிலவரித் திட்ட அதிகாரி என்று நினைத்தனர். அரசின் பெயரால் தங்கள் நிலங்களைப் பறித்துக்கொண்டு, தங்களை அந்தமானுக்கு அனுப்பிவிடுவார் என்று வெளிப்படையாகவே கூறினர். ஊரொன்றைப் படம் பிடிக்க இவர் நிறுத்திய ஒளிப்படக் கருவியை நில அளவைக் கருவி என்று எண்ணி எதிர்ப்புத் தெரிவித்தனர். பித்தளை போன்ற எளிய அணிகலன்களை விற்க முன்வந்தவர்கள், பொன்னையும் வெள்ளியையும் காட்ட மறுத்தனர். வளமாக வாழ்கிறார்கள் என்பதற்கு அவை சான்றாகிவிடும் என்பது அவர்களது அச்சம். அளவெடுக்க இணங்குவதைவிடக் கழுத்தை அறுத்துக்கொள்வதே மேல் என்று கூறிவிட்டு ஒருவர் ஓடிவிட்டார். பெண்கள் எவரும் அளக்க இசையவில்லை. கண்ணேறு படும் என்று குழந்தைகளையும் கொண்டுவரவில்லை.

தர்ஸ்டன் இதனை மூடநம்பிக்கை என்று குறித்துள்ளார். காப்பித் தோட்டங்கள் பெருகி, நிலம் கைமாறிக் கொண்டிருந்த மலையில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வச்சம் அடிப்படையற்றது என்று சொல்வதற்கில்லை.

பச்சைமலை வழக்கங்கள்

பச்சைமலையைப் பற்றி நூலில் காணப்படும் செய்திகள் தர்ஸ்டன் நேரில் கண்டவை அல்ல. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன. அம்மாவட்டத்திற்கான அரசிதழ்க் கையேட்டை 1907 ஆம் ஆண்டு தொகுத்த எப். ஆர். ஹெமிங்வே என்ற அதிகாரியின் குறிப்புகளைத் தர்ஸ்டன் எடுத்தாண்டுள்ளார். சேலம் மலையாளிகள் பற்றிய பகுதிக்கு லெபானு என்பவரின் சேலம் மாவட்டக் கையேடு பயன்பட்டது.

நாட்டுக்கட்டு என்னும் பாடல்களில் மலையாளிகளின் மரபுக்கதை பாதுகாக்கப்பட்டிருந்ததாக அக்குறிப்பு கூறுகிறது. காஞ்சிபுரத்து அரசனின் உடன்பிறந்தவரான பூசகர் ஒருவர், அரசனோடு பிணங்கித் தம் மக்களுடன் தெற்கே வந்தார். வேடரும் வெள்ளாளரும் அவர்களை எதிர்த்தனர். சங்கு முழங்க, சக்கரம் வெட்ட, வந்தவர்கள் வென்றனர். மூத்த மகன் பெரியண்ணன் சேர்வராயனையும், நடுவண்ணன் பச்சைமலையையும், இளையவன் சின்னண்ணன் கொல்லிமலையையும் தம் இடமாகக் கொண்டனர். நடுவண்ணன் மணந்தது வேடர் குலப் பெண்ணை. இக்கதை ஒரே வடிவில் வழங்கவில்லை என்பதும் கருதத்தக்கது. சேலத்தில் பதிவான வேறொரு வடிவத்தில், காஞ்சியை விட்டு நீங்கிய கரிராமன் என்னும் தெய்வத்தைப் பின்தொடர்ந்து மூவரும் வருகின்றனர். அதில் சின்னண்ணன் செல்வது மஞ்சவாடிக்கு.

கதையைவிட அதனோடு இணைந்த சடங்குகளே முக்கியமானவை. பச்சைமலைப் பெண்கள் கணவருக்கு உணவு பரிமாறுவதற்கு முன், தம் வேடர் முன்னோருக்கென ஒரு பங்கை எடுத்து வைத்தனர். திருமணத்தின்போது மணப்பெண் சீப்பு ஒன்றை அணிந்துகொண்டாள். அது வேடர் மகளிரின் அணி என்று சொல்லப்பட்டது. மணமகன் மணப்பந்தலில் வாளையும் அம்பையும் வைத்தான். வேடரின் வேட்டைத் தொழிலுக்கும், அவர்களை வென்றதற்கும் அவை அடையாளங்களாக விளங்கின. தோற்றவரின் மகளை மணந்து, அவளது முன்னோருக்கு நாள்தோறும் படையலிடும் இவ்வழக்கம், வெற்றிக் கதையாகத் தொடங்கிய மரபை வேறொன்றாக மாற்றிவிடுகிறது. தர்ஸ்டன் இதைப் பற்றிக் கருத்து எதுவும் கூறவில்லை.

விழாக்களைப் பொறுத்தவரை, பொங்கலையொட்டி எருதாட்டம் நடத்துவது மலையாளிகளின் பழைய வழக்கம். சேர்வராயன் மலை உச்சியில் உள்ள குகைக்கோயிலில் ஆண்டுதோறும் மே மாதத்தில் விழா நடைபெறுகிறது. கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலில் ஆடிப் பதினெட்டு சிறப்பானது. பெருமாளும் மாரியம்மனும் ஒருங்கே வழிபடப்படுகின்றனர்.

பிற்காலம்

1906 ஆம் ஆண்டு தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளையும், 1912 ஆம் ஆண்டு சகுனங்கள், நம்பிக்கைகள் பற்றிய நூலையும் தர்ஸ்டன் வெளியிட்டார். செடில் விழா, தீமிதி போன்றவற்றைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள பென்சான்சில் குடியேறி, அப்பகுதியின் தாவரங்களை ஆராய்ந்தார். அது தொடர்பாக 1922 இலும் 1930 இலும் நூல்கள் வெளிவந்தன. 1935 ஆம் ஆண்டு அங்கேயே காலமானார்.

நூலும் மலையாளிகளும்

மலையாளிகள் தொன்மையான மலைப் பழங்குடியினர் அல்லர், பிற்காலத்தில் சமவெளியிலிருந்து மலையேறிய தமிழர் என்பதே தர்ஸ்டனின் முடிவு. விடுதலைக்குப் பின் இந்திய அரசு அவர்களைப் பட்டியல் பழங்குடியினராக ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்பட்டியல் மாவட்டங்களின் பெயரைச் சொல்லியே அமைந்துள்ளது: தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. 1995 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தின் மலையாளிகள் இதன் வழியாகவே அவ்வுரிமையைப் பெறுகின்றனர். பழைய கோயம்புத்தூர் மாவட்டம் இதில் இடம்பெறாததால், இன்றைய ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே பெயருடன் வாழ்வோர் பழங்குடிச் சான்றிதழ் கோரி நெடுங்காலமாகப் போராடி வந்துள்ளனர்.