மயில்மேல் பிரிந்த உயிர்

எங்கள் காரைக்குடி வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடைபெறுகிறது. சிறு வயது முதல் அதனைப் பார்த்து வரும் நான், அந்த மேடையையே விடுதலைப் போர்க்களமாக்கிய கலைஞர் ஒருவரை மிகத் தாமதமாகவே அறிந்தேன். அவர்தாம் தியாகி விசுவநாததாஸ்.

1886ஆம் ஆண்டு சிவகாசியில், முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் குலத்தில் பிறந்தார். பின்னர்த் திருமங்கலத்தில் வாழ்ந்தார். இனிய குரல் அவரை நாடக மேடைக்குக் கொண்டு வந்தது. எழுத்தறியாத மக்களுக்கு அந்நாளில் நாடகக் கொட்டகையே செய்தித்தாள். புராண வேடத்தில் நின்றபடியே அவர் நாட்டுப்பற்றுப் பாடல்களைப் பாடுவார். தினைப்புனக் காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினால், அது யாரைக் குறிக்கிறது என்பது மக்களுக்கும் தெரியும், காவலருக்கும் தெரியும். மேடையை அடக்க 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் ஆட்சியாளர் கையில் இருந்தது. அவர் 29 முறை சிறை சென்றார் என்பர்.

ஜமைக்காவின் பாப் மார்லி 1970களில் ரெகே இசையால் அடிமைத்தனத்தின் எச்சங்களை எதிர்த்துப் பாடியதை நம் மாணவர்கள் அறிவர். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆர்மோனியமும் மிருதங்கமும் துணையாக நம் மண்ணில் ஒரு குரல் எழுந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

எனினும் என்னை மிகவும் வருத்தியது அவருடைய சிறைவாசம் அன்று. குலத்தைக் காரணம் காட்டி, அவருடன் இணைந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர் என்பதே. அந்நியர் சட்டம் தண்டனைக் காலம் முடிந்ததும் அவரை வெளியே விட்டது. நம்மவர் சாதிக் கட்டுப்பாட்டிற்கோ காலவரையறை இல்லை. இரண்டு அடிமைத்தனங்களுக்கு நடுவே நின்று அவர் பாடினார்.

1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள். சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகம். முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடியபோதே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 54. விடுதலையைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக உள்ளது. அவர் எதிர்த்துப் பாடிய ஆட்சி 1947இல் அகன்றது. அவரைத் தள்ளி வைத்த மனப்பான்மை நம்மை விட்டு அகன்றுவிட்டதா? அடுத்த திருவிழாவில் மயில்மேல் முருகன் வரும்போது, இக்கேள்வி என் நெஞ்சில் எழாமல் இராது.