எறும்புக்குப் பெயர் சூட்டிய மருத்துவர்

உருவத்தில் சிறியது எறும்பு. சர்க்கரை டப்பாவில் கண்டால் ஊதித் தள்ளுகிறோம். நம் செஞ்சிக் கோட்டைப் படிகளில் சாரை சாரையாகச் சென்றால் தாண்டிப் போகிறோம். நின்று பார்ப்பவர் யார்? அப்படி நின்று பார்த்தவர்தாம் டாக்டர் தாமஸ் காவர்ஹில் ஜெர்டன்.

இவர் 1811-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டர்ஹாம் நகருக்கு அருகில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1836-இல் சென்னை வந்து சேர்ந்தார். திருச்சிராப்பள்ளி, நெல்லூர், தலைச்சேரி முதலிய ஊர்களில் பணியாற்றினார். மருத்துவப் பணி போக எஞ்சிய நேரத்தை உயிரினங்களை ஆராய்வதில் செலவிட்டார். 1862 முதல் 1864 வரை வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூல் அவருக்குப் பெரும் புகழ் தந்தது.

அதற்கு முன்பே, 1851-இல், தென்னிந்திய எறும்புகளின் பட்டியலைச் சென்னை அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார். அதுவரை அறிவியல் அறியாத பல எறும்புகளை அதில் அறிமுகப்படுத்தினார்.

ஓர் எறும்பைப் புதிய இனம் என்று சொல்லிவிட்டால் போதாது. அதன் தலை, கண், தாடை, உணர்கொம்பு, நிறம், அளவு ஆகியவற்றை விவரிக்க வேண்டும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடையில் முடிச்சு ஒன்றா, இரண்டா என்றும் பார்க்க வேண்டும்.

ஜெர்டன் விவரித்த ஓர் எறும்புக்குத் தலையின் முன்புறம் இரு பெரிய கண்கள். நீண்டு மேல்நோக்கி வளைந்த தாடைகள். இடையில் ஒரே முடிச்சு. அது துள்ளிப் பாயும். ஆகவே பாய்வது என்னும் பொருள்பட 'சால்டேட்டர்' என்று பெயரிட்டார். மற்றொன்று மரத்தில் வாழ்வது. அதன் தலையும் வயிறும் கறுப்பு, மார்பு சிவப்பு, இடையில் இரு முடிச்சுகள். நிறத்தையே பெயராக்கி 'ரூஃபோநைக்ரா' என்றார்.

1872-இல் ஜெர்டன் லண்டனில் காலமானார். அவர் பெயரிட்ட எறும்புகளில் சிலவற்றை இன்னதென்று பின்வந்தவர்களால் அடையாளம் காண முடியவில்லை. அவற்றுக்கு அவர் எழுதிய சொற்கள் போதவில்லை. ஆனால் துள்ளும் எறும்பை விஞ்ஞானிகள் எளிதில் கண்டுகொண்டனர். 2010-இல் அதன் மரபணுத் தொகுப்பையே வெளியிட்டனர்.

அன்புத் தோழியரே! உயிரியல் வகுப்பில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும்போது சலித்துக்கொள்கிறோம் அல்லவா? இன்று நாம் சரியாகக் குறிக்கும் ஒரு வரி, நூறாண்டு கழித்து வருபவருக்கு வழிகாட்டக்கூடும். அடுத்த முறை கோட்டைக்குச் செல்லும்போது, படியில் ஊரும் எறும்பின் முன் ஒரு நிமிடம் நிற்போம். அதன் இடையில் முடிச்சு ஒன்றா, இரண்டா என்று பார்ப்போம்.