இந்தியாவின் முதல் பெண் வக்கீல் கார்னீலியா சொராப்ஜி



கௌரவமான குடும்பத்துப் பொண்ணு கோர்ட் படி ஏறக் கூடாதுன்னு பெரியவங்க சொல்ல நாம கேட்டிருப்போம். சாட்சி சொல்லப் போனாலே ஊர் ஒரு மாதிரி பேசும். ஆனால் 1896-ஆம் ஆண்டிலேயே பூனா நகரத்தில் ஒரு பெண், வெள்ளைக்கார நீதிபதி முன்னால் எழுந்து நின்று ஒரு கொலை வழக்கில் எதிரிக்காக வாதாடினார். அப்போது அவருக்கு வயது 29. அவர்தான் கார்னீலியா சொராப்ஜி. அவர் வாழ்க்கையைப் பற்றித் தெரிந்து கொள்வோமா?

பிறப்பும் குடும்பமும்

கார்னீலியா 1866-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி நாசிக்கில் பிறந்தார். அப்பா சொராப்ஜி கர்செட்ஜி, பார்சி சமயத்திலிருந்து கிறிஸ்தவரானவர். அம்மா பிரான்சினா பூனாவில் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். வீட்டில் நிறைய பெண் பிள்ளைகள். எல்லோரையும் படிக்க வைத்தார்கள்.

கார்னீலியா சிறுமியாக இருந்தபோது, கத்தியவாரைச் சேர்ந்த ஒரு பணக்கார விதவை அவர் அம்மாவிடம் வந்து அழுதாராம். சொத்தைப் பார்த்துக் கொண்ட ஆளை அந்த அம்மா முழுசா நம்பியிருக்கிறார். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாமல் போட்டுக் கொடுத்துவிட்டார். சொத்தெல்லாம் போய்விட்டது. திரைக்குப் பின்னால் வாழும் பெண் என்பதால் ஆம்பள வக்கீலிடம் போய்ப் பேசவும் முடியாது. அப்போதுதான் கார்னீலியாவின் அம்மா, இந்த மாதிரிப் பெண்களுக்கு உதவ வேண்டுமென்றால் நீ சட்டம் படி என்று மகளுக்குச் சொன்னார். அது சின்ன மனசில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை

அவருடைய அக்காமார் பம்பாய் பல்கலைக்கழகத்தில் சேரக் கேட்டபோது, பெண் என்று சொல்லி இடம் கொடுக்கவில்லை. கார்னீலியாவுக்கு இடம் கிடைத்தது. பூனா டெக்கான் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி அவர்தான். பட்டத் தேர்வில் முதலிடம் வாங்கினார். அப்படி முதலிடம் வாங்கினால் இங்கிலாந்து போய்ப் படிக்க அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கும். ஆனால் இவருக்குக் கொடுக்கவில்லை. காரணம், இவர் பெண்! எவ்வளவு அநியாயம் பாருங்க.

அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அகமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். இங்கிலாந்தில் இருந்த நல்லவங்க சிலர் சேர்ந்து அவருக்காகப் பணம் திரட்டினார்கள். அதில் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நாம் பாடத்தில் படித்த கைவிளக்கு ஏந்திய காரிகை, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தான்!

ஆக்ஸ்போர்டில் கார்னீலியா

1889-இல் கப்பலேறிப் போய் ஆக்ஸ்போர்டில் சோமர்வில் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் சட்டம் படித்ததில்லை. சட்டப் புத்தகங்கள் இருந்த காட்ரிங்டன் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கவே தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

1892-இல் பி.சி.எல். என்னும் சட்டத் தேர்வு வந்தது. ஒரு பெண்ணின் விடைத்தாளைத் திருத்த மாட்டேன் என்று தேர்வாளர் சொல்லிவிட்டார். கடைசி நேரத்தில் பல்கலைக்கழகம் தனியாக ஒரு தீர்மானம் போட்டு, ஆண்களோடு சேர்ந்து தேர்வு எழுத அனுமதி கொடுத்தது. எழுதினார். மூன்றாம் வகுப்பில் பாஸானார். மூன்றாம் வகுப்புதானேன்னு நினைக்காதீங்க. நாளைக்குப் பரீட்சை எழுத விடுவாங்களா மாட்டாங்களான்னே தெரியாமல் படித்து வாங்கிய மார்க் அது.

பாஸானாரே தவிர, பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை என்று அங்கே விதி. 1920-இல்தான் அந்த விதி மாறியது. கார்னீலியா 1922-இல் பட்டம் பெற்றார். 25 வயதில் எழுதிய பரீட்சைக்கு 55 வயதில் பட்டம்! முழுசா முப்பது வருஷம்.

கொலை வழக்கில் வாதாடினார்

இந்தியா திரும்பிய பிறகு வக்கீலாகப் பதிவு செய்ய முயன்றார். முடியாது என்றார்கள். ஆனால் அவர் சட்டத்தை நன்றாகப் படித்தவர் ஆயிற்றே. சொத்துத் தகராறு போன்றவை சிவில் வழக்கு. கொலை, திருட்டு போன்றவை கிரிமினல் வழக்கு. கிரிமினல் வழக்கு நடத்தும் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. நீதிமன்றம் அனுமதித்தால், வக்கீல் அல்லாத வேறொரு நபரும் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடலாம். நபர் என்றால் பெண்ணும் நபர்தானே! அந்த வழியில்தான் அவர் 1896-இல் பூனா கோர்ட்டில் நின்றார். பிரிட்டிஷ் இந்திய நீதிமன்றத்தில் வாதாடிய முதல் பெண் என்ற பெயர் அவருக்கு வந்தது.

அதன் பிறகும் கதவு திறக்கவில்லை. 1897-இல் பம்பாயில் எல்.எல்.பி. பாஸ் செய்தார். 1899-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் தேர்விலும் பாஸானார். அப்பவும் பதிவு செய்ய விடவில்லை. 1916-இல் ரெஜினா குஹா என்ற இன்னொரு பெண் கல்கத்தாவில் கேட்டபோதும், சட்டத்தில் நபர் என்று இருப்பது ஆண்களைத்தான் குறிக்கும் என்று தீர்ப்பு வந்தது. ஒரே சொல்லுக்கு ஓரிடத்தில் ஒரு அர்த்தம், இன்னோரிடத்தில் வேறு அர்த்தம்!

யானைக்காக ஒரு வழக்கு

சமஸ்தானங்களில் மட்டும் அவர் வழக்கு நடத்தினார். ஒரு யானையின் பராமரிப்புக்கு விட்டிருந்த மாந்தோப்பை ராஜா பிடுங்கிக் கொண்டார். யானைக்காக கார்னீலியா வாதாடப் போனார். அங்கே நீதிபதியும் அதே ராஜாதான். அவருடைய நாய்க்கு கார்னீலியாவைப் பிடித்துப் போனதால் ராஜா இவர் பக்கமே தீர்ப்பு சொல்லிவிட்டாராம்! கேட்கச் சிரிப்பா இருக்கு. ஆனால் நாய்க்குப் பிடிக்காமல் போயிருந்தால் அந்த யானையின் கதி என்ன? சட்டமும் முறையான கோர்ட்டும் ஏன் வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அறுநூறு பேருக்குத் துணை

1904-இல் வங்காளத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பு அவரைச் சட்ட உதவியாளராக நியமித்தது. வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் பகுதிகளில் பல்லக்கிலும் படகிலும் ரயிலிலும் போய், திரைக்குப் பின்னால் இருந்த பெண்களைப் பார்த்துக் குறை கேட்டார். விதவைகளின் சொத்து பறிபோகாமல் பார்த்தார். அநாதைப் பிள்ளைகளைப் படிக்க வைக்க வழி செய்தார். ஏறக்குறைய 20 வருடங்களில் அறுநூறு பேருக்கு மேல் உதவியதாகச் சொல்கிறார்கள். 1909-இல் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் பெற்றார்.

கடைசியில் 1921-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை வக்கீலாகப் பதிவு செய்தது. 1923-இல் பெண்கள் வக்கீலாகலாம் என்று இந்தியா முழுமைக்கும் சட்டமே வந்துவிட்டது. ஆனால் அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார். 1929-இல் வேலையை விட்டு லண்டனில் தங்கினார். 1954-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி தமது 87-ஆவது வயதில் அங்கேயே காலமானார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் காந்தியடிகளின் போராட்டத்தை ஏற்றுக் கொள்ளவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியையே ஆதரித்தார். அதனால் பலர் அவரை மறந்து போனார்கள். அந்தக் கருத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் திறந்து வைத்த கதவு வழியாகத்தான் பாத்திமா பீவி அம்மையார் 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்னாளில் நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார்.

தோழிகளே! இன்றைக்கு பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவர்களும் ஐந்து வருட சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பெண் என்று சொல்லி யாரும் தடுக்க முடியாது. பரீட்சை முடிந்த அன்றே பட்டம் கொடுக்க மாட்டாங்கதான், ஆனா முப்பது வருஷம் காக்க வைக்க மாட்டாங்க. வக்கீலாக ஆகிறோமோ இல்லையோ, வீட்டில் அம்மாவும் பாட்டியும் எந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்தாலும், முதலில் அதை வாசித்துக் காட்டுவோம். கார்னீலியா அம்மையாரிடமிருந்து இன்றைக்கே எடுத்துக் கொள்ளக் கூடிய பாடம் இது.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி