சுப்பாராவும் என் பாட்டியும்

என் பாட்டிக்குத் தேக்கா சந்தை அத்துப்படி. எந்தக் கடையில் கீரை புதிது, எந்தக் கடையில் மீன் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் வாசலில், வீட்டுக்கு எந்தப் பேருந்தில் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே சோர்வும் மலச்சிக்கலும் மறதியும் இருந்தன. வயதாகிவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அன்றுதான் அல்சைமர் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

மருத்துவர் முதலில் ரத்தத்தைப் பரிசோதித்தார். கால்சியம் மிக அதிகம், பாஸ்பரஸ் குறைவு. கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் அரிசிமணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. அவற்றில் ஒன்று அளவுக்கு மீறி வேலை செய்தால், எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்துக்கு வரும். பாஸ்பரஸ் சிறுநீரில் வெளியேறும். கால்சியம் ஏறினால் மனம் குழம்பும், நினைவும் தடுமாறும். பாட்டிக்கு நேர்ந்தது இதுதான்.

அந்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் எனக்கு முதலாம் ஆண்டு உயிர்வேதியியல் வகுப்பு நினைவுக்கு வந்தது. பாஸ்பரஸை அளக்கும் முறைக்கு அங்கே ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று பெயர். யார் அந்தச் சுப்பாராவ் என்று அன்று நான் கேட்கவில்லை. பாட்டிக்காக நூலகத்தில் தேடினேன்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரு முறை தோற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார். மாநிலக் கல்லூரிக்குப் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. இதற்கிடையே சகோதரர்கள் இருவரை நோய்க்குப் பறிகொடுத்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் உடற்கூறு கற்பித்துவிட்டு, மாமனாரின் உதவியுடன் கப்பலேறி, 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார். பிழைப்புக்காக அங்கே மருத்துவமனையில் இரவுப் பணியாளாக வேலை பார்த்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் 1925இல் வெளியிட்டதுதான் அந்த முறை. ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டை மாலிப்டேட் உப்புடன் சேர்த்து, பின் ஒடுக்கியால் நீல நிறமாக மாற்றுவது. நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். சிறிதளவு ரத்தமே போதும். அதே 1925இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற அறுவை மருத்துவர் பாராதைராய்டு கட்டியை முதன்முதலாக அகற்றினார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் சார்ல்ஸ் மார்ட்டெல் என்ற கப்பல் தலைவருக்கு, கால்சியம் ஏறி பாஸ்பரஸ் இறங்கியிருந்ததை வைத்து இதே நோய் கண்டறியப்பட்டது.

அந்த நீல நிறம் சுப்பாராவை மேலும் அழைத்துச் சென்றது. 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யையும் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அறிவித்தார். 1906இல் அலாய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையில் கண்டு சொன்ன முடிச்சுகளைப் பற்றி இன்று நாம் அறிவது என்ன? டாவ் என்ற புரதத்தில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாஸ்பேட் வருவது ஏ.டி.பி.யிலிருந்து. கால்சியம் மிகுவதற்கும் அல்சைமர் நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற ஆய்வு இன்னும் முடியவில்லை. ஆனால் ஆய்வாளர்கள் எங்கே திரும்பினாலும் இவர் அளக்கக் கற்றுக்கொடுத்த பொருள் அங்கே நிற்கிறது.

ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலம், யானைக்கால் நோய் மருந்து, ரத்தப் புற்றுநோய்க்கு எதிரான முதல் மருந்துகளில் ஒன்றான அமினாப்டெரின் ஆகியவை அவர் வழிநடத்திய குழுக்களின் உழைப்பில் உருவாயின. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே காலமானார். தாயகம் திரும்பவே இல்லை. அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

பாட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கால்சியம் இறங்கியது, குழப்பம் தெளிந்தது. மறதி முழுவதும் போய்விடவில்லை. சில பெயர்கள் இன்னும் நழுவுகின்றன. ஆனால் தேக்காவுக்கு மீண்டும் தனியாகப் போகிறார். மீன்காரரிடம் பேரம் பேசுகிறார்.

நண்பர்களே, மறதி எல்லாமே இப்படித் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பாலும் தீராது. ஆயினும் வயதாகிவிட்டது என்று முடிவு கட்டும் முன், உங்கள் வீட்டுப் பெரியவரின் ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று ஒரு முறை கேளுங்கள். பல மாதங்கள் கேட்காமல் இருந்த வீடு எங்கள் வீடு.