பாலைவன ரயில் பாதையில் ஒரு பெண்ணின் முத்திரை... யார் இந்த மேரி கோல்டர்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வில்லியம்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே காலையில் ரயில் ஏறுகிறீர்கள்னு வெச்சுக்கோங்க. முதலில் பைன் மரங்கள், அப்புறம் காய்ந்த புல்வெளி, திரும்பவும் மரங்கள். சுமார் 100 கிலோமீட்டர் தூரம், இரண்டே கால் மணி நேரம். உலகமே பார்க்க ஆசைப்படுகிற கிராண்ட் கேன்யன் ஜன்னல் வழியா கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது! ரயிலைவிட்டு இறங்கி, மேடேறிப் போனால்தான், திடீர்னு காலடியில் பூமி பிளந்து கிடக்கும்.

அந்த விளிம்பிலேயே மண்ணும் கல்லுமாக, மாடிக்கு மாடி ஏணி சாத்திய ஒரு வீடு நிற்கும். பார்த்தவுடனே ஐந்நூறு வருஷப் பழசுன்னுதான் நினைப்பீங்க. கட்டியது 1905-ல். அதை வடிவமைத்தவர் அதுவரை பள்ளியில் டீச்சராக வேலை பார்த்த ஒரு பெண். பெயர், மேரி கோல்டர்.

மெத்தைக்கு அடியில் ஒளித்த ஓவியங்கள்

மேரி பிறந்தது 1869-ல், பிட்ஸ்பர்க் நகரத்தில். வளர்ந்தது மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில். சின்ன வயதில் சியூ பழங்குடி மக்கள் வரைந்த சில ஓவியங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. அந்தச் சமயத்தில் ஊரில் பெரியம்மை பரவ, பழங்குடிகளிடமிருந்து வந்த பொருள்கள் எல்லாவற்றையும் எரித்துவிட முடிவு செய்தார் அம்மா. மேரி என்ன செய்தார் தெரியுமா? ஓவியங்களை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிவிட்டார். சாகும் காலம் வரை அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார்.

1886-ல் அப்பா இறந்துபோனார். குடும்பத்துக்கு வருமானம் வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ போய் டிசைன் படித்த மேரி, படித்துக்கொண்டே ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் தொழிலையும் பழகினார். 1890-ல் படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி, ஓவியமும் வரைகலையும் கற்றுத்தரும் ஆசிரியை ஆனார். அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவையும் அக்காவையும் பார்த்துக்கொண்டார்.

ரயில் கொண்டுவந்த வேலை

அந்தக் காலத்தில் சான்டா ஃபே ரயில்வே, பயணிகளைப் பாலைவனத்துக்கு இழுக்க எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தது. வழியெங்கும் ஹோட்டல், உணவகம் நடத்தும் பொறுப்பு ஃபிரெட் ஹார்வி நிறுவனத்துக்கு. 1901-ல் கிராண்ட் கேன்யன் விளிம்பு வரை தண்டவாளம் போய்ச் சேர்ந்தது. அதுவரை குதிரை வண்டியில் நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டு போன பயணம், சில மணி நேரமாகச் சுருங்கியது. கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா ஆனது 1919-ல்தான். ரயில் அதற்கு 18 வருஷம் முன்னாடியே வந்துவிட்டது!

1902-ல் ஹார்வி நிறுவனம், அல்புகெர்க்கி ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அல்வராடோ ஹோட்டலில், பழங்குடிக் கலைப்பொருள்கள் விற்கும் கூடத்தை அலங்கரிக்க மேரியை அழைத்தது. அடுத்த அழைப்பு கிராண்ட் கேன்யனிலிருந்து. அதுதான் ஹோப்பி ஹவுஸ்.

ஒராய்பி என்ற ஹோப்பி கிராமத்து வீடுகளை மாதிரியாக வைத்து அவர் வரைந்தார். கட்டியவர்களில் பெரும்பாலானவர்கள் ஹோப்பி மக்கள். கல்லும் மரமும் அந்த வட்டாரத்திலேயே எடுத்தவை. புகழ்பெற்ற மண்பாண்டக் கலைஞர் நம்பேயோ குடும்பத்தோடு அங்கே தங்கி, பயணிகள் முன்னால் பானை வனைந்தார். இதில் ஒரு நெருடலும் இருக்கு. அந்த மக்களின் வாழ்க்கையையே காட்சிப்பொருளாக்கி டிக்கெட் விற்றது ரயில்வே. மேரி அந்த வியாபாரத்துக்கு உள்ளே இருந்துதான் வேலை பார்த்தார். அதையும் மறக்காமல் அந்தக் கட்டடத்தைப் பார்க்கணும்.

புதுசு... ஆனா பழசு!

1910-ல் ஹார்வி நிறுவனத்தில் முழுநேர வேலை. ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த கட்டுமானத் துறையில், தலையில் ஸ்டெட்சன் தொப்பி, கையில் சிகரெட்டோடு வேலை இடத்துக்கு வந்து நிற்பாராம். ஒரு கல் சரியா உட்காரலைன்னா, பிரித்துக் கட்டச் சொல்வார். சமரசமே கிடையாது.

அவருடைய கொள்கை ரொம்ப எளிமையானது. இப்படி ஒரு நிலத்தின் முன்னால் எந்தக் கட்டடமும் போட்டி போடக் கூடாது. அதனால் 1914-ல் கட்டிய லுக்அவுட் ஸ்டூடியோ, பள்ளத்தாக்கின் விளிம்புப் பாறையே கொஞ்சம் நீண்டு வளர்ந்த மாதிரி இருக்கும். அதே வருஷம் வந்த ஹெர்மிட்ஸ் ரெஸ்ட், ஒரு துறவி தன் கையால் அடுக்கிய குகை மாதிரி. புத்தம் புது கணப்பு அடுப்பின் கற்களில் கரியைப் பூசி, பல வருஷம் புகைந்தது போல ஆக்கினார். 1922-ல் பள்ளத்தாக்கின் அடியில் ஃபேன்டம் ராஞ்ச். இன்றைக்கும் அங்கே கார் போகாது. நடக்கணும், கோவேறு கழுதை மேல் போகணும், இல்லாட்டி ஆற்று வழியாகப் படகில் போகணும்.

அவருடைய பெரிய சாதனை, 1932-ல் முடிந்த டெசர்ட் வியூ வாட்ச்டவர். 70 அடி உயரக் கல் கோபுரம். இதற்காக அந்த வட்டாரத்தில் பழங்குடிகள் விட்டுச்சென்ற கோபுர இடிபாடுகளைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். உள்ளே இரும்புச் சட்டகம், வெளியே உளி படாத, வெயிலும் மழையும் தின்ற கற்கள். உட்சுவரில் ஹோப்பி ஓவியர் ஃபிரெட் கபோட்டியின் ஓவியங்கள்.

1935-ல் கட்டிய பிரைட் ஏஞ்சல் லாட்ஜுக்குப் போனால், அங்கிருக்கும் கணப்பு அடுப்பைக் கண்டிப்பா பாருங்க. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் பாறை கீழே, விளிம்புப் பாறை மேலே என்று, நிலத்தில் இருக்கும் அதே வரிசையில் அடுக்கியிருப்பார். கேன்யனின் மொத்தப் புவியியலையும் ஒரு சுவரில் படித்துவிடலாம்.

தன் கண் முன்னால்...

மேரி மிகவும் நேசித்தது, வின்ஸ்லோ ஊரில் 1930-ல் திறந்த லா பொசாடா ஹோட்டலை. கட்டடம், தோட்டம், நாற்காலி, பணிப்பெண்களின் உடை வரை எல்லாமே அவர் யோசனை. ஆனால், 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்கு அடுத்த சில மாதங்களில் திறந்த ஹோட்டல் அது. அப்புறம் கார்களும் விமானங்களும் வந்து ரயில் பயணிகளைக் கொண்டுபோய்விட்டன.

1948-ல், 79 வயதில் ஓய்வு. அதற்குச் சற்று முன்னால் அவர் கை வைத்த வேலைகளில் ஒன்று, இன்று பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் இருக்கும் பெயின்டட் டெசர்ட் இன். அங்கேயும் கபோட்டியின் சுவர் ஓவியங்கள் உண்டு.

பிறகு வந்தது 1957. லா பொசாடா மூடப்பட்டது. அதே வருஷம், கேலப் ஊரில் அவர் உருவாக்கிய எல் நவாஹோ ஹோட்டல், சாலையை அகலப்படுத்த இடிக்கப்பட்டது. யோசிச்சுப் பாருங்க... நாம் கட்டியது நமக்குப் பிறகும் நிற்கும் என்றுதானே எல்லோரும் நம்புவோம்? மேரிக்கு அது தலைகீழாக நடந்தது. 1958 ஜனவரி 8-ம் தேதி சான்டா ஃபே நகரில் இறந்தபோது அவருக்கு 88 வயது.

அவர் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் இல்லை. வரைபடங்களில் பெரும்பாலும் ரயில்வே பொறியாளர்களின் பெயர்தான் இருக்கும். எந்தக் கட்டடத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். 1968-ல் கிராண்ட் கேன்யன் பயணிகள் ரயிலும் நின்றது. 1970-ல் அல்வராடோ ஹோட்டலையும் இடித்தார்கள்.

ஆனால், காற்று திசை மாறியது. 1987-ல் ஹோப்பி ஹவுஸ், லுக்அவுட் ஸ்டூடியோ, ஹெர்மிட்ஸ் ரெஸ்ட், வாட்ச்டவர் நான்கும் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. 1989-ல் கிராண்ட் கேன்யன் ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தது. 1997-க்குப் பிறகு லா பொசாடா புதுப்பிக்கப்பட்டு, மறுபடியும் ஹோட்டல் ஆனது.

நீங்க போனா...

சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகும் 'சவுத்வெஸ்ட் சீஃப்' ரயிலில் ஏறினால், வின்ஸ்லோவில் லா பொசாடா வாசலிலேயே இறங்கலாம். அங்கிருந்து பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் காரில் சுமார் ஒரு மணி நேரம். கிராண்ட் கேன்யனுக்கு, வில்லியம்ஸிலிருந்து கிளம்பும் அந்தக் காலை ரயில்தான் அழகு. அதே நாளில் திரும்பிவிடலாம். ஆனால், வாட்ச்டவர் கிழக்கே 40 கிலோமீட்டர், ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் மேற்கே 11 கிலோமீட்டர். இரண்டையும் பார்க்க ஓர் இரவாவது தங்குங்க.

விளிம்பு 2,000 மீட்டருக்கும் அதிக உயரம். குளிர்காலத்தில் பனி கொட்டும். கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதற்கு ஏற்ற மாதிரி துணியும் தண்ணீரும் எடுத்துக்கோங்க.

வாட்ச்டவரில் மேலே ஏறும்போது, செல்ஃபிக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க. அந்த ஒவ்வொரு கல்லும் சரியா உட்கார்ந்திருக்கான்னு பார்க்க, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் வெயிலில் நின்றிருக்கிறார்.