மேகங்களுக்குப் பெயர் வைத்த மருந்து வியாபாரி! யார் இந்த லூக் ஹோவர்ட்?

கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம்னு பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கா? சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராட்டஸ் என்ற லத்தீன் பெயர்களின் தமிழாக்கம்தான் அது. அந்தப் பெயர்களை வைத்தவர் வானிலை விஞ்ஞானி இல்லை. லண்டனில் மருந்து தயாரித்து விற்றவர்.

1772ல் லண்டனில் பிறந்தவர் லூக் ஹோவர்ட். பள்ளியில் அவருக்குப் புகட்டியது பெரும்பாலும் லத்தீன் இலக்கணம். 1783ல் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை வெடித்து, ஐரோப்பா முழுக்க புகைமூட்டம் பரவியது. அதே ஆகஸ்டில் பிரிட்டன் வானில் பெரிய எரிகல் ஒன்று பறந்தது. அப்போது அவருக்கு 10 வயசு. அதன் பிறகு வானத்தைப் பார்ப்பதை அவர் விடவே இல்லை.

லண்டனில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறிவியல் சங்கம் நடத்தினார்கள். முறை வரும்போது கட்டுரை வாசிக்கணும், இல்லைன்னா அபராதம். 1802 டிசம்பரில் ஹோவர்ட் வாசித்தது மேகங்களைப் பற்றி!

அதுவரை மேகத்தை வகைப்படுத்த முடியாது என்றே நினைத்திருந்தார்கள். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் ஒன்றுக்கு என்ன பெயர் வைப்பது? ஹோவர்ட் அந்த மாற்றத்தையே விதியாக்கினார். முடிக்கற்றை போல இருந்தால் சிர்ரஸ், குவியலாக இருந்தால் குமுலஸ், விரிப்பாகப் படர்ந்தால் ஸ்ட்ராட்டஸ், மழை கொட்டினால் நிம்பஸ். ஒன்று இன்னொன்றாக மாறும்போது, ரெண்டு பெயரையும் சேர்த்து சிர்ரோகுமுலஸ், சிர்ரோஸ்ட்ராட்டஸ். இலக்கண வகுப்பு வீண் போகலை!

அதே 1802ல் பிரான்சில் லாமார்க்கும் மேகங்களைப் பிரித்துப் பெயர் வைத்தார், பிரெஞ்சு மொழியில். அது எடுபடவில்லை. லத்தீன் எல்லா நாட்டு அறிஞர்களுக்கும் பொதுவாக இருந்தது ஹோவர்டுக்குக் கைகொடுத்தது.

சரி, மேகம் எப்படி உருவாகுது? ஈரக்காற்று மேலே போகப்போக விரிந்து குளிரும். அதில் உள்ள நீராவி, மிதக்கும் தூசுகளின் மேல் நுண்துளிகளாகப் படியும். அதுதான் மேகம். இதே துளிகள் தரையை ஒட்டி உண்டானால் மூடுபனி. ஹோவர்ட் மூடுபனியையும் ஸ்ட்ராட்டஸ் கணக்கில்தான் சேர்த்தார். இப்போது அது தனி. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாவிட்டால்தான் மூடுபனி என்பார்கள்.

ஜெர்மன் மகாகவி கதே இந்த வகைப்பாட்டில் மயங்கிக் கவிதைகளே எழுதினார். ஹோவர்டின் வாழ்க்கைக் குறிப்பையும் கேட்டு அனுப்பினார். யாரோ விளையாடுறாங்க என்றுதான் ஹோவர்ட் முதலில் நினைத்தாராம்!

லண்டன் நகரம் இரவில் சுற்றுப்புற கிராமங்களைவிட வெப்பமாக இருப்பதையும் தெர்மாமீட்டர் கணக்கோடு காட்டியவர் அவர். இப்போது நாம் பேசும் நகர வெப்பத்தீவு இதுதான்.

1864ல், 91 வயதில் லண்டன் டாட்டன்ஹாமில் காலமானார். இன்று உலக வானிலை அமைப்பின் பட்டியலில் உள்ள 10 மேக வகைகளின் பெயர்களிலும் அவர் வைத்த லத்தீன் சொற்களே அதிகம்.