கவிமணியும் நாள்வழக்கமும்

உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் என்பது நம் சித்தாந்த சாத்திரங்களின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தை ஏற்குமாறுபோல, ஆன்மா தீயதைச் சாரின் தீயதாயும் நல்லதைச் சாரின் நல்லதாயும் விளங்கும். இதனை அறியாத சைவர் நம்முள் இலர். ஆயினும், அச்சார்பு மாறுவது எங்ஙனம் என வினவின், பெரியதோர் உபதேசத்தையோ ஒருநாளில் நிகழும் அற்புதத்தையோ எதிர்நோக்கி நம்மிற் பலர் வாளா இருக்கின்றோம். நாடோறும் செய்யும் சிறுசெயல்களே உள்ளத்தைப் படிப்படியாக வேறாக்குகின்றன என்பதை நாஞ்சில்நாட்டுப் பெரியார் ஒருவரது வாழ்க்கையில் வைத்துக் காட்ட ஈண்டுப் புகுகின்றோம். அவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள்.

சுசீந்திரத்துக்கு அணித்தாகிய தேரூரில் 1876ஆம் ஆண்டு, சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மையார்க்கும் மகவாய் இவர் தோன்றினார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். நாஞ்சில்நாடு அந்நாளில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தமையின், பள்ளியிற் கற்கக் கிடைத்தது மலையாளம். தமிழ் கற்க வாய்த்த இடம், திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த வாணன்திட்டு மடம். ஆண்டிருந்த சாந்தலிங்கத் தம்பிரான் இவர்க்குத் தமிழாசிரியராயினார். அக்காலத்துக் கல்விமுறை நாம் அறிந்ததே. நாளொன்றுக்குச் சில செய்யுட்களை மனனஞ் செய்தலும், மறுநாள் அவற்றை ஒப்புவித்துப் பொருள் கேட்டலுமாகச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது அம்முறை. தந்தையை இழந்த சிற்றூர்ச் சிறுவன் ஒருவனுக்குப் பாடஞ் சொல்லுதல் மடத்தின் கணக்கேட்டில் ஏறும் செய்தியன்று. ஆயினும், தமிழகம் பெற்ற கவிஞர் ஒருவர் அச்சிறு பணியினின்றும் தோன்றினார் என்பதை மடங்களைச் சார்ந்த நாம் மறத்தலாகாது.

பின்னர் இவரும் அப்பணியையே தம் தொழிலாகக் கொண்டார். கோட்டாற்றுப் பள்ளியிலும், நாகர்கோவிற் போதனாமுறைப் பாடசாலையிலும், திருவனந்தபுரத்துப் பெண்கள் கல்லூரியிலுமாக 36 ஆண்டுகள் ஆசிரியராய் இருந்து 1931இல் ஓய்வுபெற்றார். மழலைக்கு விளங்குமாறு நாடோறும் பேசிய நாவுக்கு எளிமை இயல்பாயிற்று. பண்டிதர்க்கே உரிய கடுநடையை விட்டுக் குழந்தையும் பாடத்தக்க நடையை இவர் கைக்கொண்டமைக்கு அப்பழக்கமும் ஒரு காரணம் ஆமெனக் கருதுகின்றோம்.

உடல்நலம் பேணுதல் பற்றி இவர் பாடிய பாட்டைச் சிறார் பலரும் அறிவர். இடத்தைத் தூய்மையாக வைத்தல், காலையும் மாலையும் உலாவி வருதல், எளிய கூழாயினும் நீராடிய பின்னரே உண்ணுதல், பசித்தபின் அளவோடு உண்ணுதல், இரவில் நன்கு உறங்குதல் என்பனவே அதன் பொருள். இவற்றுள் அரிய செயல் யாதுமில்லை. ஏழையும் செய்தற்கு எளியன. இவற்றை ஒருநாளும் விடாது செய்தலே அரிது.

மலநீக்கம் திருவருளால் ஆவதன்றி மாந்தர் பழக்கத்தால் ஆமோ என ஒருசாரார் கடாவலாம். கடா நன்றே. செம்பிற் களிம்புபோல அனாதியே உயிரைப் பற்றிய ஆணவம் உயிரின் முயற்சியால் மட்டும் அறுவதன்று. ஆயினும், மலபரிபாகம் வருங்காறும் உயிர் சோம்பிக் கிடத்தல் நூற்கருத்தன்று. அதன்பொருட்டன்றோ சரியை முதலிய நெறிகள் வகுக்கப்பட்டன? திருவலகிடுதல், மெழுகுதல், மலர்கொய்தல், விளக்கிடுதல் ஆகிய யாவும் கையாற் செய்யும் சிறுபணிகளே. நாவரசர் ஏந்திய உழவாரமும் புல் செதுக்கும் கருவியே. இப்பணிகளை விடாது செய்யச் செய்ய, யான் எனது என்னும் செருக்கு தன் வலி குன்றுகின்றது.

இனி, வழக்கம் யாவும் நன்று எனக் கொள்ளற்க. கோயிலின் சிறப்பெல்லாம் கண்டும் இறைவனைக் காணாத ஒருத்திக்கு, அவன் உள்ளத்தே உளன் என உணர்த்துவதாகக் கவிமணியவர்கள் ஒரு பாட்டு இயற்றினார்கள். உள்ளம் பற்றாத வழிபாடு வெறும் பழக்கமாய் ஒழியும் என்பது அதனாற் போதரும். அன்றியும், நாஞ்சில்நாட்டு வேளாளரிடை நிலவிய மருமக்கள்வழி முறையும் தலைமுறை தலைமுறையாக ஊறிய வழக்கமே. மனைவி மக்களுக்கு உரிமையின்றிச் சொத்துச் சகோதரியின் மக்களைச் சேர்ந்தமையால், கணவனை இழந்த மகளிரும் குழந்தைகளும் பட்ட துயர் பெரிது. அதனை நகைச்சுவை விரவிய நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்னும் நூலாக்கி, 1917ஆம் ஆண்டளவில் தமிழன் என்னும் இதழில் வெளியிடச் செய்தார்கள். சமூகத்தார் பலரது முயற்சியும் கூடி, 1926இல் அம்முறையை மாற்றும் சட்டம் பிறந்தது. ஊரார் பழக்கமும் ஒருநாளில் மாறவில்லை என்பதை ஓர்க.

ஓய்வுக்குப்பின் புத்தேரியில் வாழ்ந்த காலத்தும் இவர் எழுத்துப்பணி ஓயவில்லை. கல்வெட்டுக்களைப் பயின்று காந்தளூர்ச்சாலை பற்றி ஆராய்ந்தார்கள். மலரும் மாலையும் 1938இலும் ஆசிய ஜோதி 1941இலும் வெளிவந்தன. கவிமணி என்னும் பட்டம் 1940இல் சென்னையில் வழங்கப்பெற்றபோது இவர்க்கு வயது 64. உலகம் கண்டது அப்பட்டத்தை. அதற்குப் பின்னின்ற பல்லாயிரம் நாட்களை நாம் காணவேண்டும். 1954இல் இவ்வுலகு நீத்தார்கள்.

சாத்திரச் சொற்களுக்குப் பொருள்கண்டு வாதிடும் நாம், வைகறையில் எழுதலையும், நீறணிந்து திருவைந்தெழுத்தை எண்ணுதலையும், ஒரு சிறுவனுக்கேனும் ஒரு செய்யுளைச் சொல்லிக் கொடுத்தலையும் நாடோறும் தவறாது செய்கின்றோமா? இவ்வினாவை முதற்கண் எம்மையே கேட்டு நாணுகின்றோம். நாளைக் காலை ஒரு சிறுபணியைத் தொடங்குவோமாக. மறுநாளும் அதனை விடாதிருத்தற்குத் திருவருள் துணைநிற்க.